விடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்

கையில் விளக்குமாறு எடுத்தால் போதும், எங்கள் தெருக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வந்துவிடுவார். "விடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்." அதற்குள் விளக்குமாறு அவர் கைக்குப் போயிருக்கும். என் வாசலோடு நிற்க மாட்டார். பக்கத்து வாசலையும் கூட்டி, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத்தான் ஓய்வார். திண்ணையில் இருக்கும் என் மனைவி அவரை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வைக்காகவே இந்த மனிதர் மேல் எனக்குத் தீராத கோபம்.

கல்யாணத்துக்கு இவரையும் பத்திரிகை வைத்துத்தான் அழைத்திருப்பார்கள். மொய் எழுதிவிட்டு இலையில் உட்கார வேண்டியவர். பந்தியில் பார்த்தால் சாம்பார் வாளியோடு வருகிறார்! பரிமாற வந்த கேட்டரிங் பையன் ஓரமாக நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். நாமும் நாலு பேர் பார்க்க உதவலாம் என்று அப்பளக் கூடையைத் தொட்டால், "விடுங்கண்ணா." சாவு வீட்டிலும் இதே கதைதான். பந்தல்காரருக்குச் சொல்வது, ஐஸ் பெட்டிக்கு அலைவது, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகனுக்குப் பக்குவமாகப் போனில் சொல்வது எல்லாம் இவர். துக்கத்துக்கு வந்த நமக்கு அழுவதைத் தவிர வேலையே கிடையாது. புளி உலுக்கும் நாளில் மரத்தின் மேல் யார் என்று கேட்கவே வேண்டாம்.

கொஞ்சம் முணுமுணுத்தாலாவது மன்னித்துவிடலாம். மாட்டார். இடுப்பு வலிப்பது நடையில் தெரியும், கேட்டால் சிரிப்பார். சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த தர்மபுரிக்காரனுக்கு ஃபுளோரைடு போட்ட முத்திரை அது. அதைப் பற்றியும் இவர் வாய் திறந்ததில்லை. வாய் திறந்தவர்கள் வேறு பேர். அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் ஜப்பான் கடனோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கியும் வைத்தார்கள்.

எங்கள் தெருமுனையில் குழாய் உடைந்தபோது தெருவே கொதித்தது. மனு கொடுத்தே தீருவது என்று பேச்சு. விடிந்து பார்த்தால் பழைய சைக்கிள் டியூபை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். கொதிப்பு அடங்கிவிட்டது. டியூப் பிய்யும், மறுபடி கட்டுவார். குழாயை மாற்ற வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பொய் எதற்கு, நாங்களும்தான்.

குறை சொல்லாமல் உழைக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் பாப்பாரப்பட்டிக்கு ஒரு நடை போய் வரலாம். தொழுநோயோடு, ரயிலில் ஏறத் தடை விதித்த பிறகும் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊர் அது. அதைவிடவா ஒருவர் உழைத்துவிட முடியும்? ஆனால் அவர் குறையை விழுங்கியவர் அல்ல. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசியவர். அதே வருஷம் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனவர். நோயும் சிறை கொடுத்ததுதான்.

இவ்வளவு திட்டுகிறேன், ஆனால் நடுராத்திரியில் என் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆட்டோவோடு வாசலில் நின்றவர் இவர்தான். நான் கூப்பிடக்கூட இல்லை. விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வந்தாராம். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தம்பி, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். அடுத்த தடவை குழாய் உடைந்தால் தயவுசெய்து டியூபைத் தேடாதீர்கள். தண்ணீர் தெருவில் ஓடட்டும், நாலு பேர் வழுக்கி விழட்டும். மனு எழுதுவோம், தெருவே கையெழுத்துப் போடுகிறோம். வெள்ளைத்தாள் மட்டும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள்.