பார்க்காமல் எழுதிய பத்திரம்

இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் விண்மீன் பட்டியல் போட்ட தாலமி, பாதி மனிதன் பாதி குதிரையாக நிற்கும் சென்டாரஸின் முதுகில் ஒரு விண்மீன் இருப்பதாகக் குறித்துவைத்தார். அதன்பின் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். வானத்தையல்ல, தாலமியை.

1603-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வக்கீல் யோஹான் பேயர் ஒரு வானப்படத் தொகுப்பு வெளியிட்டார். அவர் ஊரில் அந்த ‘விண்மீன்’ தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டவே காட்டாது. அதனால் என்ன? சொத்தை நேரில் பார்த்துவிட்டா வக்கீல்கள் பத்திரம் எழுதுகிறார்கள்? ‘ஒமேகா சென்டாரி’ என்று பெயரைப் போட்டு முடித்தார்.

நேரில் போய்ப் பார்த்தது, ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்ட இருபது வயதுப் பையன் எட்மண்ட் ஹாலி. இரண்டாம் சார்லஸ் மன்னரின் சிபாரிசில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஓசிப் பயணம்; இறங்கியது செயின்ட் ஹெலினா தீவு. அங்கே எந்நேரமும் மேகம். கிடைத்த சந்துபொந்தில் 341 விண்மீன்களை அளந்தார். 1677-இல் ஒமேகாவைப் பார்த்தால், அது புள்ளியாக இல்லை; மங்கலான திட்டு!

ஊர் திரும்பிய பையனுக்குப் பிழைக்கவும் தெரிந்திருந்தது. 1651-இல் போரில் தோற்ற சார்லஸ் ஒரு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்திருந்தார். அந்த மரத்தையே விண்மீன் கூட்டமாக்கி வானத்தில் நட்டார் ஹாலி. மன்னர் உத்தரவில் பட்டம் வீடு தேடி வந்தது. மரம் பின்னாளில் வானப்படத்திலிருந்து வெட்டப்பட்டது வேறு கதை.

1830-களில் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு இருபதடித் தொலைநோக்கியைக் கொண்டுபோய்ப் பார்த்தார். திட்டு, எண்ணிமாளாத விண்மீன்களின் உருண்டையாகப் பிரிந்தது. எண்ணிமாளாது என்றால் விடுவதா? பெரு நாட்டு அரெகிப்பாவில் ஹார்வர்டின் சாலன் பெய்லி அதைக் கண்ணாடித் தட்டில் படம்பிடித்து எண்ணவே உட்கார்ந்துவிட்டார். ஆறாயிரத்துக்கும் மேல் தேறியது. வெவ்வேறு இரவுகளில் எடுத்த தட்டுகளை ஒப்பிட்டால் சில புள்ளிகள் ஒருநாள் தடித்தும் ஒருநாள் மெலிந்தும் கிடந்தன: 128 மாறொளி விண்மீன்கள்! 1918 வாக்கில் ஹார்லோ ஷேப்லி இந்த ரகத்து விண்மீன்களை அளவுகோலாக்கி, ஒமேகா போன்ற விண்மீன் உருண்டைகளான கோளக் கொத்துகளின் தூரங்களைக் கணக்கிட்டார். பால்வீதியின் நடுவீட்டுக்காரர் என்று மார்தட்டிய சூரியன் புறநகர்வாசி என்று அம்பலமானது.

ஒமேகா இருப்பது ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தூரத்தில். அதிலுள்ளவை சுமார் ஒரு கோடி விண்மீன்கள். அது கொத்தே அல்ல, பால்வீதி விழுங்கிய ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் மையம் என்பது இன்று பல வானியலாளர்களின் சந்தேகம். மாம்பழத்தைத் தின்றவர் கையில் கொட்டையோடு மாட்டிக்கொண்டார்.