மாப்ளே, அந்தப் பட்டன் பக்கம் போகாதே!

ஏண்டா மாப்ளே, மெயில் திறக்கலைன்னு தண்டர்பேர்டையே கழட்டிட்டு மறுபடி ஏத்தினியாமே? கெட்டிக்காரன்தான். அதே கோளாறு அப்படியே பல்லைக் காட்டியிருக்குமே? காட்டாம என்ன செய்யும்? நீ கழட்டினது வெறும் புரோகிராமை. உன் கணக்கு, கடுதாசி, பாஸ்வேர்டு, முகவரிப் புத்தகம், கண்டதையும் பார்த்து மாட்டின ஆட்-ஆன் எல்லாம் புரொஃபைல்ங்கிற தனி ஃபோல்டர்ல கிடக்கு. ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ்னு உள்ளுக்குள்ள போனாத்தான் அது கிடைக்கும். அந்த ஆப்டேட்டாவையே விண்டோஸ் மறைச்சுத்தான் வச்சிருக்கும். உன் குணம் தெரிஞ்சிருக்கு போல!

ஷிஃப்ட் பட்டனை அமுக்கிக்கிட்டே திறந்து பார்த்தியா? ஆட்-ஆன் இல்லாம திறக்கட்டுமான்னு கேட்கும். அப்படித் திறந்து ஒழுங்கா ஓடுச்சுன்னா குத்தம் பெரும்பாலும் ஆட்-ஆன் மேலதான். புரொஃபைலைத் தொடவே வேண்டாம்.

அப்பவும் மக்கர் பண்ணினா, தண்டர்பேர்டை மூடு. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு. வர்ற கட்டத்துல தண்டர்பேர்ட் டாட் இஎக்ஸ்இ, ஒரு இடம் விட்டு கழித்தல் குறி, அதை ஒட்டி பெரிய பி. புரொஃபைல் மேனேஜர் வந்து நிற்கும். புதுசா ஒண்ணு உண்டாக்கி, அதுல கணக்கைப் போட்டுப் பாரு. பழசு பக்கத்துலயே இருக்கட்டும், சோறா கேட்குது? ஆபீசுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு வேணும்னாலும் வச்சுக்கலாம். கேட்காமலே திறங்கிற டிக்கை எடுத்துவிட்டா, ஒவ்வொரு தடவையும் எதுன்னு மரியாதையா கேட்கும்.

உனக்குக் கை அரிக்கிற இடம் டெலிட் புரொஃபைல். அமுக்கினதும் ஃபைலையும் அழிக்கட்டுமா, விட்டுரட்டுமான்னு கேட்கும். அழின்னு சொன்னியோ, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஐமேப் கணக்குன்னா சர்வர்ல இருக்கிற மெயில் திரும்பி வந்துரும். ஆனா லோக்கல் ஃபோல்டர்ஸ்ல இழுத்துப் போட்டது வராது. பாப் கணக்குல இறக்கி, சர்வர்ல நகல் விடாம வச்சிருந்தா மொத்தமும் கோவிந்தா. இதைவிடப் பெரிய புத்திசாலி ஒருத்தன் உண்டு: கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாம் கிடக்கிற ஃபோல்டரையே புரொஃபைலுக்கு இடமாக் காட்டிருவான். பின்னால ஃபைலோட அழிக்கும்போது புரொஃபைலோட சேர்ந்து பத்திரமும் போகும்.

இன்னொண்ணு. 2019-ல 68-ஆம் பதிப்பு வந்ததுல இருந்து, ஒரே கம்ப்யூட்டர்ல வேற ஒரு தண்டர்பேர்டை ஏத்தினா அது தனக்குன்னு புது புரொஃபைல் எடுத்துக்கும். திறந்தா வெறும் பெட்டி. மெயிலெல்லாம் போச்சுன்னு உங்க அத்தைகிட்ட போய் ஒப்பாரி வைக்காதே. புரொஃபைல் மேனேஜர்ல பழசோட பேரைத் தேர்ந்தெடுத்துத் திற. எல்லாம் அங்கேயேதான் இருக்கும்.

எதைச் செய்யறதுக்கு முன்னாலயும் தண்டர்பேர்டை மூடிட்டு, அந்த புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வை. சினிமாப் படம் ரெண்டை அழிச்சா இடம் தன்னால வரும், மாப்ளே.