திருக்கோகர்ணத்து மொட்டைமாடி வான்நோக்கரும் ‘தெரியுது’ எனும் கூற்றும்: ஓர் ஆய்வு

1. ஆய்வு எல்லை

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் குடைவரைக் கோயில் ஒன்றும் அரசு அருங்காட்சியகம் ஒன்றும் உள. இவற்றைப் பற்றி எழுதுவோர் மலிந்துவிட்டமையின், எவரும் தொடாத மொட்டைமாடியை இவ்வாய்வு தொடுகிறது. அந்தி சாய்ந்தபின் அங்கே தொலைநோக்கியோடு கூடுவோர் ஈண்டு ‘மன்றத்தார்’ எனப்படுவர். வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே துணிக்கொடி, ஏனைய இரு திசையும் கைப்பிடிச்சுவர் எல்லையாம். மேற்புறம் எல்லையில்லை, அதற்குத் தனியே நிதி கேட்கப்படும்.

2. முன்னோடிகள்

சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டார். 1986-ல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் புதுக்கோட்டைக்கே வந்தது. அன்று கிரகணக் கண்ணாடியோடு தெருவில் நின்றவரும், சோற்றுப் பானையில் தர்ப்பை போட்டுக் கதவைச் சாத்தியவரும் ஒரே வீட்டார் என்ப (திண்ணைப் பேச்சு).

3. சேரும் முறை

விண்ணப்பப் படிவம் இல்லை. தொலைநோக்கியின் அடிப்பெட்டியை மாடிப்படியில் தூக்கி வருபவர் உறுப்பினர். ‘பாத்து சார், பாத்து’ என்று பின்னாலேயே வெறுங்கையோடு வருபவர் ஆயுள் உறுப்பினர்.

4. உறுப்பினர் வகை

அ) வெளிச்சர்: செல்போன் டார்ச் அடிப்பவர். இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும். இவருக்கு ஒரு நொடி போதும்.

ஆ) சோதிடர்: ‘இதுல நம்ம ராசி தெரியுமா?’ என்பவர்.

இ) அஞ்சுநர்: நாம் சனியைப் பார்த்தால் சனியும் நம்மைப் பார்க்குமே என்று சுண்டல் பக்கம் ஒதுங்குபவர்.

ஈ) பொருளாளர்: வருவதில்லை.

5. ‘தெரியுது’

இவ்வாய்வின் உயிர்நாடி இதுவே. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நூறு மடங்கு பெரிதாக்கும்போது தொலைநோக்கிக்குள் அடங்கும் வானம் ஏறத்தாழ அரைப் பாகை. தானாகத் திரும்பும் மோட்டார் இல்லாத கருவியில், நடுவே நிறுத்திய சனி ஒரு நிமிடத்தில் விளிம்பைக் கடந்துவிடும். ஆளுக்கு 20 விநாடி என்று கொண்டால் மூவர் சனியைக் காண்பர். நான்காமவர் காண்பது வெறும் இருட்டு. களத்தில் பதிவானதோ வேறு:

‘தெரியுதா?’

‘தெரியுது.’

‘வளையம்?’

‘சூப்பரா இருக்கு சார்.’

இவ்வாறு உரைத்தவர் வரிசையில் ஒன்பதாமவர் (சான்று: கொசுவர்த்திச் சுருள், தனிப்பேச்சு, அணைவதற்குச் சற்று முன்).

‘தெரியுது’ நால்வகைத்து. ‘அடேயப்பா’ முந்திக்கொண்டு வருவது மெய்த்தெரியுது. தூக்கி வந்தவர் மனம் நோகக்கூடாதென்று சொல்வது மரியாதைத் தெரியுது. பின்னால் நிற்பவர் முதுகைத் தட்டியதும் பிறப்பது நெருக்கடித் தெரியுது. கண்ணை வைக்குமுன்பே வாயிலிருந்து விழுவது முந்துத் தெரியுது. தேய்ந்த கல்வெட்டின் முன் அறிஞர் பெருமக்கள் நிற்கும்போது கேட்பதும் இதுவே. முந்துத் தெரியுதை மரியாதைத் தெரியுதின் உட்பிரிவு என்பாரும் உளர். அவர் மதம் பொருந்தாது. அவர்க்கு வேலை கிடைத்துவிட்டது.

2025 இறுதியில் சனி தன் வளையத்தின் விளிம்பை மட்டும் பூமிக்குக் காட்டியதால் வளையம் மெல்லிய கோடாக இளைத்தது. அப்போதும் ‘வளையம் பட்டையா தெரியுது’ என்ற கூற்று இளைக்கவில்லை (காண்க: தொட்டிச் சுவர்க் கரிக்கல்வெட்டு, வரி 4, பாதி வெள்ளையடிக்கப்பட்டது, அதற்கு மறுப்பு, பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம், மறுப்புக்கு மறுப்பு, அதே பில்லின் கிழிந்த ஓரம், சுண்டல் எண்ணெய் படிந்த பிரதி, தனியார் சேகரிப்பு, எறும்புகளின் பாதுகாப்பில்). 1612-ல் இதேபோல் வளையம் மறைந்தபோது கலிலியோ திகைத்தார். திகைத்ததை எழுதியும் வைத்தார். இக்காலத்தில் அவருக்குப் பதவி உயர்வு அரிது.

மேற்கண்ட கோட்பாட்டுக்கு விலக்கு ஒன்றே ஒன்று. பேரனோடு படியேறி வந்த அப்பத்தா ஒருவர், கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மாட்டி, குனிந்து, நிதானமாகச் சொன்னார்: ‘ஒண்ணுந் தெரியல தம்பி. இருட்டாத்தான் கெடக்கு.’

கருவிக்காரர் குழலை ஒரு விரல் அளவு தள்ளினார். சனி திரும்ப வந்தது. சற்று முன் ‘சூப்பர்’ என்றவர்கள் ஓசைப்படாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றனர்.

6. முடிவுரை

தெரியவில்லை என ஒருவர் சொன்னால்தான் குழல் திரும்பும் என்பது பெறப்பட்டது. இம்முடிவோடு கட்டுரை புறத்தேர்வாளர் இருவருக்கு அஞ்சலில் அனுப்பப்பெற்றது. ‘ஆழ்ந்து படித்தேன், மிக நன்று’ என்று இருவரும் தனிக்கடிதம் எழுதிக் கையொப்பமிட்டனர். கட்டுரை இருந்த உறைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.