குளம்புக்கு வர்ணம்

ஆசை வந்தது டைடல் பார்க் சிக்னலில். பக்கத்தில் வந்து நின்ற காரின் அலாய் வீலுக்குள்ளே, வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. பச்சை விழுந்து, பின்னால் இருந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையை விசாரித்த பிறகுதான் கண்ணை எடுத்தேன். அந்தச் சிவப்புதான் பிரேக் காலிப்பர்.

தெரியாதவர்களுக்காக: சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். பிரேக்கை மிதித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். இடுக்கி பால் பாத்திரத்தைக் கவ்வுகிற அதே வேலைதான். என்ன, 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பாத்திரம் நிமிஷத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தாலியில் பெர்கமோ பக்கம் 1961இல் தொடங்கிய பிரெம்போ கம்பெனி பந்தயக் கார்களுக்கு பிரேக் செய்து பேர் வாங்கியது. அதன் சிவப்புக் காலிப்பரைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் கெட்டுப்போனது. போர்ஷே காரில் மஞ்சள் காலிப்பர் என்றால் உள்ளே செராமிக் டிஸ்க் என்று பொருள். அங்கெல்லாம் நிறம் பதவியைச் சொல்லும்.

என்னுடையது 11 வயது ஹேட்ச்பேக். வீடு திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்னும் ஊர். என் காலிப்பர் எந்தப் பதவியில் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அதற்குச் சிவப்பு அடிக்க பெயின்ட் வாங்க, வழக்கம்போல் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன். சாதாரண எனாமல் இதற்கு ஆகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க் சில நூறு டிகிரி வரை காயும். பக்கத்திலிருக்கும் பெயின்ட் கருகி உரியும். சூடு தாங்கும் பெயின்ட்தான் வேண்டும். கடைக்காரர் டின்னை எடுத்து வைத்துவிட்டு, “என்ன வண்டி சார்?” என்றார். சொன்னேன். டின்னைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாலு வீலுக்குமா?”

“ஆமா.”

“பின்னாடி டிரம்தானே சார்?”

பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். பின்சக்கரத்தில் காலிப்பரே கிடையாது என்பது மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. “டிரம்முக்கும் அடிக்கலாம்ல?” என்றேன், மானத்தைக் காப்பாற்ற. “அடிங்க சார், உங்க வண்டி” என்றார். டின்னும் பாதி விலைக்கு இல்லை.

அம்மாவுக்கு விஷயம் புரிய அரைமணி நேரம் ஆனது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்த ஊரிலிருந்து வந்தவள். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கொம்புக்குத்தான்டா அடிப்பாங்க. நீ குளம்புக்கு அடிக்கிறேங்கிறே.” இன்றுவரை இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, முன்பக்க வீல் கப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். (இந்த வீல் கப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) வண்டி தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் கூடவே சுற்றும். அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன, நட்டு அசையவில்லை. கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் கருணை இருந்தது.

ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று மெக்கானிக்கிடம் ஒரு ஸ்டாண்ட் இரவல் வாங்கியிருந்தேன். சக்கரம் வந்ததும் காலிப்பர் முழுசாகத் தெரிந்தது. தோண்டி எடுத்த புதைபொருள் போலிருந்தது. முறைப்படி அதைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டி வைத்து அடிப்பவர்கள் உண்டு. நான் கழற்றவில்லை. கழற்ற வந்துவிடும், மாட்டத்தான் வராது. வேறெதையும் வைத்து இந்த விஷப் பரீட்சை செய்யலாம், பிரேக்கை வைத்துக் கூடாது.

பிரேக் தூசியை ஊதக் கூடாது, மூச்சில் போகும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கம்பி பிரஷ், உப்புத்தாள், சந்துபொந்துக்கு ஒரு பழைய டூத்பிரஷ் என்று இறங்கினேன். அது பழையது இல்லை என்று பிற்பாடு வீட்டில் தெரிவித்தார்கள். மாடி வீட்டு மாமா இறங்கி வந்து, “மண்ணெண்ணெய் போட்டுத் துடைங்கோ, பளிச்சுன்னு ஆயிடும்” என்றார். ஆகும்தான். ஆனால் அதன் பிசுக்கு தங்கினால் பெயின்ட் ஒட்டாது. பிரேக் கிளீனர் அடித்தேன். மாமா கோபித்துக்கொண்டு போகவில்லை. நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

அடுத்து மாஸ்கிங் டேப். டிஸ்க்கில் பெயின்ட் படக் கூடாது. பேடில் படவே கூடாது. ரப்பர் பூட், ஸ்லைடு பின், காற்று எடுக்கும் நிப்பிள் இதிலெல்லாம் படக் கூடாது. எல்லாவற்றையும் ஒட்டி மூடி முடித்தபோது, பெயின்ட் அடிக்க மிச்சம் இருந்த இடம் என் உள்ளங்கை அளவு. அதற்கு இரண்டு கோட்டு, அரை இஞ்ச் பிரஷ்ஷில். ஒரு சொட்டு டிஸ்க்கில் விழுந்தது. தின்னர் துணியால் உடனே துடைத்தேன். ஸ்ப்ரே வாங்காமல் விட்டது நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம். அடித்த கடல்காற்றுக்கு மாமாவின் வெள்ளை வேட்டிக்கும் ஒரு கோட்டு விழுந்திருக்கும்.

இடது, வலது, பின்னால் டிரம்கள் என்று எல்லாம் முடிந்து காய்ந்தபோது மாலை ஐந்து. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழகாகவே இருந்தது. கல்யாணப் பெண்ணின் மருதாணிக் கை போல. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன். அம்மாகூட இறங்கி வந்தாள். அதற்குள் சக்கரங்களை மாட்டி, நட்டை முடுக்கி, நான்கு வீல் கப்பையும் தட்டிப் பொருத்தியிருந்தேன்.

எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். ஒரு துளி சிவப்புகூடத் தெரியவில்லை.

“எங்கேங்க?” என்றாள் மனைவி.

அலாய் வீல் உள்ளவனுக்குத்தான் காலிப்பர் தெரியும். என் வண்டிக்கு இரும்பு ரிம், அதன்மேல் ஆமை ஓடு மாதிரி பிளாஸ்டிக் கப். காலையில் என் கையால்தான் பிடுங்கி வைத்தேன், என் கையால்தான் திருப்பி மாட்டினேன். நடுவே பத்து மணி நேரம் இருந்தது.

இப்போது கப் இல்லாமல் ஓட்டுகிறேன். கறுத்த ரிம்மின் ஓட்டைகள் வழியே, குனிந்து பார்த்தால், ஒரு சின்னச் சிவப்பு தெரியும். இதுவரை யாரும் குனியவில்லை. பெட்ரோல் பங்க்கில், சிக்னலில், கோயில் வாசலில் என்று வாரத்துக்கு ஒரு நல்லவர் கண்ணாடியைத் தட்டி, “சார், வீல் கப் நாலும் விழுந்துடுச்சு” என்கிறார். நன்றி சொல்கிறேன்.

பெயின்ட் முக்கால் டின் மீதி இருந்தது. அம்மா அதை மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளுக்கு அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள்.