ஹால் ஹெச் மகாத்மியம்

பசிபிக் கடலோரம் சான் டியாகோ மாநகரில் ஆண்டுதோறும் கோடையிலே எழுந்தருளும் காமிக்-கான் என்னும் காமிக்ஸ் பெருந்திருவிழாவின் புகழை முழுக்கப் பாட ஆயிரம் நாவுடைய ஆதிசேஷனாலும் ஆகாது. ஒற்றை நா படைத்த அடியேன் அதன் ஒரு மண்டபத்தையும், அம்மண்டபத்துக்குச் செல்லும் ஒரு வரிசையையும் பாடி அமைகிறேன். உண்மையான அன்பர்களுக்கு அந்த வரிசையே திருவிழா, மற்றதெல்லாம் கொசுறு.

எந்தத் தலத்துக்கும் எளிய தொடக்கம் உண்டு. 1970 ஆகஸ்டில் யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் மூன்று நாள் கூட்டமாக இது நடந்தபோது வந்தவர்கள் சுமார் 300 பேர். பாவம், அவர்களுக்குக் கிட்டியதெல்லாம் எழுத்தாளர் ரே பிராட்பரி, காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி போன்றோர்தான். கிர்பியிடம் பேச விரும்பினால், எழுந்து போய் அவரிடமே பேசிவிட வேண்டிய அவல நிலை. இரவெல்லாம் காத்திருக்கும் பேறு இல்லை; தடுத்து நிறுத்தக் காவலர் இல்லை. அந்த இருண்ட காலத்தை எண்ணும்போதே நெஞ்சு பதைக்கிறது.

இன்றோ 1,30,000க்கும் மேற்பட்டோர் கூடும் கொற்றம்! நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே அதன் செங்கோன்மை விளங்கத் தொடங்கிவிடுகிறது. குறித்த நாளில் கணினி முன் கைகூப்பி அமர்ந்து இணையக் காத்திருப்பு அறைக்குள் புக வேண்டும். முந்தி வந்தவன், பிந்தி வந்தவன், காமிக்ஸை உயிராய்ப் போற்றுபவன், அதன் அட்டையையும் புரட்டாதவன் என்ற அற்ப பேதங்களைக் கணினி பாராட்டுவதில்லை. யாரை வேண்டுமோ குலுக்கி எடுத்துக்கொள்ளும். பணத்தை நீட்டிக்கொண்டு நிற்பவனிடம்கூட அதிர்ஷ்டம் இருந்தால் மட்டுமே வாங்கிக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை எந்த வணிகனுக்கு வரும்?

இனி அடியேன் பாட வந்த மண்டபம், ஹால் ஹெச். ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். வந்தவர் தொகையை இருக்கைத் தொகையால் வகுத்தால் ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ இருபது பேர். உள்ளே இடம் பிடிக்க முதல் நாளே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் அதை ரிஸ்ட்பேண்ட் என்பார்கள். நம் அம்மன் கோயில் விரதக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காப்புக் கட்டிக்கொள்ளவும் ஒரு வரிசை உண்டு. அதில் நின்று காப்புப் பெற்று, பெற்ற காப்போடு மறுபடி வரிசையில் நின்று, கடற்காற்றில் தரையில் படுத்து, விடியலில் பல் விளக்காத திருவாயோடு எழும் அந்தக் கூட்டத்தின் தவத்தைக் காண இரு கண் போதா.

தவத்தின் பயனோ அதனினும் பெரிது: முன்னோட்டங்கள்! அடுத்த ஆண்டு காசு கொடுத்துப் பார்க்கப்போகும் படத்துக்கு இந்த ஆண்டே காசு கொடுத்துப் பார்க்கும் விளம்பரம். பொருளை விற்பவன் செலவழித்து விளம்பரம் செய்வதே உலக வழக்கம். அந்தச் சுமையை, விடுப்பெடுத்து, விமானமேறி, வாங்குபவனே தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் தியாகத்தை ஹாலிவுட் முதலாளிகள் கண்ணீர் மல்க ஏற்றருளுகிறார்கள். கைம்மாறு செய்யாமலும் இல்லை. தொலைக்காட்சித் தொடரின் படம் அச்சிட்ட மாபெரும் பை ஒன்றை இலவசமாகவே கொடுத்து, அதை முதுகில் சுமந்து ஊரெங்கும் உலவும் உரிமையையும் அளிக்கிறார்கள்.

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லாத கருணையும் சொல்லத்தக்கது. மாலையில் வரும் நாயகனுக்காகக் காலையிலேயே அமர்ந்து, இடையில் வரும் எவர் எவருக்கோ கைதட்டி, நாற்காலியோடு நாற்காலியாக உறையலாம். 2010இல் இருக்கை பற்றிய சிறு கருத்து வேறுபாட்டில் அன்பர் ஒருவர் பக்கத்து அன்பரின் கண்ணருகே பேனாவால் குத்தினார். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் என எழுந்த திருவிழாவில் பேனாவுக்கு வேலையே இல்லை என்று பழித்தவர்களின் வாய் அன்றோடு அடைபட்டது.

கண்காட்சிக் கூடத்தில் மட்டும் என்ன குறை? இவ்விழாவில் மட்டுமே கிடைக்கும் பொம்மைகள் அங்கே விற்பனைக்கு உண்டு. வாங்கியவர் பெட்டியைப் பிரிப்பதில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும். பீலி சூட்டி, மாலை சாத்தி, நெய் பூசிக் காவல் மிகுந்த மனையில் பளபளத்த தொண்டைமானின் படைக்கலங்களை ஔவை எத்துணை வியந்து பாராட்டினாள்! எந்தக் குழந்தையின் கையும் படாத இந்தப் பொம்மைகளைக் காணும் பேறு அவளுக்கு வாய்க்காமற் போயிற்றே என்பதே அடியேனின் குறை.

பழைய இதழ்கள் விற்ற மைல் ஹை காமிக்ஸ் 44 ஆண்டுகள் இங்கே கடை விரித்துவிட்டு 2017இல் விடைபெற்றது. காமிக்ஸ் விழாவில் காமிக்ஸ் விற்கும் பழக்கம் எவ்வளவு நாள்தான் நீடிக்கும்?

அதே 2017இல்தான் காமிக்-கானுக்கு நீதிமன்றப் பெருவெற்றியும் வாய்த்தது. விழாவை நடத்துவது காமிக்ஸ் கலையைப் பரப்புவதற்கென்றே பிறந்த, லாப நோக்கற்ற அமைப்பு. சால்ட் லேக் நகரத்தார் சிலர் தங்கள் ஊர் விழாவுக்கும் ‘காமிக் கான்’ என்று பெயர் வைத்துக் கலையைப் பரப்பத் துணிந்தபோது அமைப்பு பொறுக்குமா? வழக்காடி வென்றது. நடுவர் குழு தீர்த்த இழப்பீடு 20,000 டாலர். பின்னர் எதிர்த்தரப்பு தரவேண்டும் என்று விதிக்கப்பட்ட வழக்குச் செலவு ஏறக்குறைய 40 லட்சம் டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் கிழவிகள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்குக் கலைத்தொண்டு தெரியாது.

நன்றி மறவாமைக்கு ஒரே ஒரு சான்று போதும். 2024 ஜூலை 27 அன்று ஹால் ஹெச் மேடையில் பச்சை அங்கியும் முகமூடியும் தரித்து நின்ற நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர் முகமூடியைக் கழற்றி, தானே இனி மார்வெல் படங்களின் வில்லன் டாக்டர் டூம் என்று காட்டியருளினார். மண்டபம் அதிர்ந்தது. அந்த டூமை 1962இல் ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கி வரைந்தவர், 1970இன் முதல் கூட்டத்துக்கு வந்திருந்த அதே கிர்பி. தன் கையால் வரைந்த பக்கங்களைத் திரும்பத் தரும்படி 1980களில் மார்வெல் நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடி, ஒரு பகுதியை மட்டும் பெற்ற பாக்கியசாலி. 1994இல் காலமானதால் இந்த ஆரவாரம் அவர் காதைத் தொந்தரவு செய்யவில்லை.

காமிக்ஸ் எழுதுவோரையும் வரைவோரையும் விழா அடியோடு கைவிட்டது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஐஸ்னர் விருது என்னும் உயரிய விருதை ஆண்டுதோறும் வெள்ளிக்கிழமை இரவில், பக்கத்து ஹோட்டலில், மண்டபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வழங்குகிறார்கள். அதே வேளையில் வெளியே, சனிக்கிழமை நட்சத்திரங்களுக்காக அன்பர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். விருதைக் கையில் ஏந்தி வரும் ஓவியர் எவரேனும் இருட்டில் வழி தவறி அந்தப் பக்கம் வந்துவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, “வரிசையின் கடைசி அந்தப் பக்கம், ஐயா” என்று பணிவோடு காட்டிவிடும்.