பிளஷர் மீமாம்சை

சிக்கல் என்றதும் நாகப்பட்டினத்தருகே வேல் வாங்கிய சிங்காரவேலரை நினைத்துக் கைகூப்பும் அன்பர்கள், பக்திக்குப் பங்கமின்றி அங்கிருந்து தெற்கே இறங்கி, ராமநாதபுரம் ஜில்லாவின் கடலாடித் தாலுகாவில், வாலிநோக்கத்து உப்புக் காற்று இரும்பை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும் மற்றொரு சிக்கலுக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் ஐரோப்பியச் சிறு மோட்டார் வண்டியைக் கூர்ந்து நோக்கியவனுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலின் தத்துவத்தைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை என்னும் என் சித்தாந்தம் உதயமானது இந்தச் சிக்கலின் பஸ் நிறுத்தத்தில்தான்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'பிளஷர்' என்று பொதுப்பெயரிட்டழைத்த வஸ்துக்களுள், இத்தாலியில் பிறந்து, பம்பாய்க் குர்லாவில் பிரிமியர் கம்பெனியாரால் வளர்க்கப்பெற்று, பிற்காலத்தில் பத்மினி என்று நாமகரணமும் செய்யப்பெற்ற பியட் 1100 வண்டியே நம் ஆராய்ச்சிக்கு முதற்பொருள். பிரதமராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி 5,000 ரூபாய் வங்கிக் கடன் பெற்று வாங்கியது இவ்வண்டியைத்தான். சாரதியையும் சேர்த்து, நெருக்கி அமர்ந்தால், இதன் கொள்ளளவு ஐவர். வேட்புமனு கொடுக்க வரும் அபேட்சகர் தம்முடன் நால்வரை மட்டுமே தேர்தல் அதிகாரியின் அறைக்குள் அழைத்துச் செல்லலாமென்று கமிஷன் விதித்திருக்கிறதே, அந்த ஐந்து என்னும் தொகைக்கு வேறு பிரமாணம் கிடைக்கும்வரை பியட்டின் இருக்கைகளையே மூலமாகக் கொள்வதில் குற்றமில்லை. 'சிக்கலில் ஒன்பது பேர் ஏறிப் போவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோமே' என்று பூர்வபட்சம் பேசுவோர், அதிகாரியின் அறைக்கு வெளியே தெருவில் நிற்கும் கூட்டத்தையும் ஒருமுறை கண்ணாரக் கண்டு வருவார்களாக.

இனி முன் இருக்கை. காற்றும் கௌரவமும் ஒருங்கே கிடைக்கும் அவ்விடத்துக்கு அந்த ஒன்பது பேரில் ஐவர் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். பெரியப்பாவுக்கு மூன்று வாக்கு. வாத்தியாருக்கும் கருப்பட்டி வியாபாரிக்கும் இரண்டிரண்டு. மற்ற இருவருக்கும் அவரவர் வாக்கே ஒவ்வொன்று. ஆறு பேருக்கு வேண்டாதவரான பெரியப்பா முன்னே அமர்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். மக்களவையின் 543 இருக்கைகளையும் நாம் நிரப்புவது இவ்வாறுதான். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருடைய டெபாசிட் தொகை போய்விடும் என்பது விதியாதலாலும், ஒன்பதில் ஆறிலொன்று ஒன்றரை ஆதலாலும், கடைசி இருவரும் டெபாசிட் இழந்து பிறர் மடியில் உட்காருகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒப்பார். பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிட்டாவிடில் ஒரு வாரம் பொறுத்து மறுபடியும் வாக்களிப்பார்கள். உழுத வயலில் ஓட்டினாலும் கூடை முட்டை உடையலாகாது என்று சித்ரோயன் 2 சி.வி. வண்டியை வகுத்த ஜாதிக்கு அந்த நிதானம் இயல்பே. ஜெர்மானியரோ, ஸ்டெப்னியைக் கையில் வைத்துக்கொண்டாலன்றிச் சக்கரத்தைக் கழற்ற விடார்: அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கிற பிரதமரை இறக்கக் கூடாதென்பது 1949ஆம் வருஷத்து அவர்களுடைய அரசியல் சட்டம். நாம் 1999 ஏப்ரலில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வாஜ்பாய் சர்க்காரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அதன் பிறகுதான் டிக்கியைத் திறந்து பார்த்தோம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் செய்த ஹெரால்டு ஆதியில் இரண்டே கதவுடையது. பின்னால் இருப்பவன் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவர் மனமிரங்கி எழுந்து, தம் இருக்கையை மடக்கியாக வேண்டும். கட்சியை விட்டுத் தாமாக இறங்கும் உறுப்பினர் பதவியையும் விட்டு இறங்க வேண்டுமென்ற 1985ஆம் வருஷத்து 52ஆவது திருத்தத்தை எழுதியவர், ஹெரால்டில் முன்னால் அமர்ந்து பிரயாணம் செய்தவராகவே இருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஹெரால்டுக்குப் பிற்பாடு நாலு கதவு வைத்தார்கள்.

ஒரே வார்ப்பு வண்டிகள் வரிசையாக நின்றால் நம்பர் பலகையைப் பார்த்தே தெளிய வேண்டும். சின்னத்தின் பிரயோஜனமும் அதுவே என்பதற்கு வெளியூர் போக வேண்டாம்: 2024இல் எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தோடு நின்றபோது, அதே பெயரும் அதே முன்னெழுத்தும் உடைய வேறு சிலரும் சுயேச்சைகளாக நின்றார்கள்.

இவ்வளவும் உவமைதானே என்பார்க்கு, இனிச் சட்டம். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவின்படி, அபேட்சகரோ அவருடைய ஏஜெண்டோ வாக்காளரை இலவசமாக ஏற்றிச் செல்ல வாகனமோ மரக்கலமோ அமர்த்துவது குற்றமான செய்கை. மரக்கலத்தைச் சேர்த்ததால், பாம்பன் கரையை டில்லி மறக்கவில்லை என்று அறிகிறோம். சொந்தச் செலவில் டிராமில் போனால் தோஷமில்லை என்று சென்னையிலேயே 1953இல் நின்றுபோன டிராமுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் ரத்தினம் போன்ற வாசகம் வேறொன்று: வாக்காளர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து வாடகைக்கு வண்டி பிடிக்கலாம், அவ்வண்டி இயந்திர சக்தியால் ஓடாததாக இருக்க வேண்டும். மாட்டு வண்டிக்குப் பார்லிமெண்டு இயற்றிய இந்தச் சாசனத்தை, தேர்தல் தினத்தன்று உடை மர நிழலில் அவிழ்த்துவிடப்பட்டு நிற்கும் எங்களூர்க் காளைகள் அறியா.

இங்கேதான் நூலோர் தொடாத ஐயமொன்று எழுகிறது. பாட்டரி செத்துப்போன சிறு மோட்டார் வண்டியொன்றை நாலு வாக்காளர் காசு சேர்த்துப் பிடித்து, அப்பத்தாவை உள்ளே ஏற்றி, வாக்குச்சாவடி வரை தள்ளிக்கொண்டே போனால் அது எந்த வகுப்பைச் சேரும்? தள்ளும்வரை அது மாட்டு வண்டியே என்றும், தள்ளுவோர் காளைகளின் ஸ்தானத்தை வகிக்கிறார்கள் என்றும் நான் முடிவு கூறினேன். கண்மாய்க் கரை இறக்கத்தில் இன்ஜின் திடீரென்று உயிர்பெற்றுவிட்டால் விலக்கு அந்தக் கணமே பறிபோகுமே என்று வாத்தியார் ஆட்சேபித்தார். முன் இருக்கையிலிருந்து இறங்காமலே பெரியப்பா ஐயத்தைத் தீர்த்துவைத்தார்:

"டிரைவரு, கியர எடுத்து விடுப்பா. ஏப்பா, நீங்க தள்ளுங்க."