மிஷினுக்கு யார் பிரஷர் பார்ப்பது?

புளியறை சோதனைச் சாவடியில், மலையேறிக் கேரளா போகிற லாரியை நிறுத்திச் சரிபார்க்க ஆள் இருக்கிறது. எங்கள் மாமா வாங்கிவந்த பிரஷர் மிஷினைச் சரிபார்க்கத்தான் ஆளில்லை.

சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கால்மேல் கால் போட்டுப் பட்டனை அமுக்கினார். 168. "மிஷினு சரியில்லடே." மறுபடி, 154. மூன்றாவது தடவை 138. "இதான் கரெக்ட்" என்று நோட்டில் குறித்துக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலை இழுத்தார்.

2021 முதல் இந்தியாவில் இந்த மிஷினும் சட்டப்படி மருந்துக் கணக்கில்தான் வருகிறது. ஆனால், சரியாகக் காட்டுகிறதா என்பது வேறு சோதனை. உலகத் தர விதிப்படி குறைந்தது 85 பேர் கை நீட்ட வேண்டும். பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஸ்டெதஸ்கோப் வைத்து அளக்க வேண்டும். அதற்கும் மிஷின் சொல்வதற்கும் சராசரி வித்தியாசம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதுவும் மாடலுக்குத்தான், நம் வீட்டுப் பெட்டிக்கு அல்ல.

மாமாவிடம் சொன்னேன்.

"85 பேரா? தெருவுல பதினோரு பேருக்குப் பாத்தாச்சு மருமவனே. எல்லாருக்கும் என்னைவிடக் கூடத்தான் காட்டுது. மிஷினு கரெக்ட்தான்."